இஓஎஸ் எம் 290: மோல்டு இன்செர்ட் அடிக்க வாங்கலாமா?

கையளவு மோல்டு இன்செர்ட் (பிளாஸ்டிக் வார்க்கும் அச்சுக்குள் பொருத்தும் துண்டு), அதற்குள் வளைந்து நெளிந்து போகும் கூலிங் லைன் (குளிர்விக்கும் தண்ணீர்ப் பாதை), மெட்டீரியல் மாரேஜிங் ஸ்டீல். உங்கள் ஆர்டர் புக்கில் இதுதான் அதிகம் என்றால், உலோகப் பவுடரை லேயர் லேயராகப் பரப்பி லேசரால் உருக்கி அடிக்கும் 3டி பிரிண்டரான எம் 290 வாங்கிக் கெட்டுப்போக மாட்டீர்கள். தடித்த வால்வு பாடி, பெரிய பிராக்கெட், மாதம் இருநூறு பீஸ் என்று கணக்குப் போட்டிருந்தால் வேறு மெஷினைப் பாருங்கள். இதில் இருப்பது ஒரே லேசர். அது நிதானமாகத்தான் போகும்.

இஓஎஸ் ஜெர்மனிக் கம்பெனி. மியூனிக் பக்கத்தில் கிரைலிங் என்ற ஊரில் தலைமையிடம், 1989-இல் தொடங்கியது. இந்திய அலுவலகம் சென்னையில் இருக்கிறது. எம் 270, எம் 280 வரிசையில் அடுத்து வந்த எம் 290 2014-இல் அறிமுகமானது. உள்ளே 400 வாட் யிட்டெர்பியம் ஃபைபர் லேசர், குவியும் இடத்தில் ஒளிப்புள்ளியின் விட்டம் சுமார் 100 மைக்ரான். படுக்கை 250க்கு 250 மி.மீ., உயரம் 325. இந்த 325-இல் பில்டு பிளேட்டின் (பார்ட் ஒட்டி வளரும் அடித்தட்டு) தடிமனும் சேர்த்தி என்பதைப் பலர் கவனிப்பதில்லை. பிளேட் 25 மி.மீ. என்றால் பார்ட்டுக்கு மிச்சம் 300தான். மூலைகளில் போல்ட் வரும் இடத்தையும் கழித்துக்கொள்ளுங்கள்.

கேட்டலாக்கில் ஸ்கேன் வேகம் நொடிக்கு 7 மீட்டர் என்று இருக்கும். அதைப் பார்த்து மயங்க வேண்டாம். அது கண்ணாடி திரும்பக்கூடிய வேகம். உலோகம் உருகுகிற வேகம் அல்ல. எம்எஸ்1 என்று இஓஎஸ் விற்கும் மாரேஜிங் பவுடருக்கு 40 மைக்ரான் லேயரில் புழக்கத்தில் உள்ள செட்டிங் இது: பவர் 285 வாட், வேகம் நொடிக்கு 960 மி.மீ., கோட்டுக்கும் கோட்டுக்கும் இடைவெளி 0.11 மி.மீ. வேகம், இடைவெளி, லேயர் தடிமன் மூன்றையும் பெருக்கிப் பாருங்கள். 960 × 0.11 × 0.04 என்றால் நொடிக்கு 4.2 கன மில்லிமீட்டர். மணிக்கு 15 சிசி (கன சென்டிமீட்டர்). ஒரு மேஜைக்கரண்டி அளவுதான். 400 வாட் லேசரில் 285தான் வேலை செய்கிறது என்பதும் இதில் தெரியும். பவரைக் கூட்டி வேகத்தைக் கூட்டலாமே என்று கை பரபரக்கும். பவரை அளவுக்கு மீறிக் கூட்டினால் உருகிய உலோகக் குட்டை ஆழமாகத் துளை போட்டு, மூடும்போது அடியில் வட்டக் குமிழி விட்டுவிடும். பவரைத் தொடாமல் வேகத்தை மட்டும் கூட்டினால் கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவே பவுடர் உருகாமல் நிற்கும். வட்டக் குமிழியை விட இந்த ஒழுங்கற்ற இடுக்குகள்தான் ஆபத்து. மோல்டில் விரிசல் தொடங்குவது இங்கிருந்துதான்.

60க்கு 60 அடிப்பாகம், 80 மி.மீ. உயரம், உள்ளே கூலிங் லைன் போக 250 சிசி உலோகம் உள்ள ஒரு இன்செர்ட்டை எடுத்துக்கொள்வோம். எடை சுமார் 2 கிலோ. லேசர் நேரம் மட்டும் சுமார் பதினாறரை மணி. 80 மி.மீ.-ஐ 40 மைக்ரானாக வெட்டினால் 2,000 லேயர். ஒவ்வொரு லேயருக்கும் பவுடர் பரப்ப சுமார் 10 விநாடி வைத்தால் இன்னொரு ஐந்தரை மணி. ஆக 22 மணி நேரம், ஒரு இன்செர்ட்டுக்கு. பவுடர் பரப்பும் நேரம் பிளேட்டில் ஒன்று வைத்தாலும் நான்கு வைத்தாலும் அதேதான். அதனால் நான்கு வைத்தால் 88 மணி ஆகாது, 72 மணியில் முடியும். ஆனால் நான்கு நாள் தனித்தனியாக முடிய வேண்டியது ஒரே ஓட்டத்தில் மாட்டிக்கொள்கிறது. 60-ஆவது மணியில் பவுடர் பரப்பும் பிளேடு பார்ட்டில் தட்டினால் நான்கும் போச்சு.

இதற்கு டூல் ரூம்காரர்களின் மருந்து ஒட்டு வேலை. கூலிங் லைன் வளையாத கீழ்ப்பாதி 40 மி.மீ.-ஐ மில்லிங்கில் எடுத்து, மேல்பாதியை மட்டும் அதன் மேல் அடிப்பது. உலோகம் 120 சிசிக்கு இறங்கிவிடும். லேசர் 8 மணி, பவுடர் பரப்ப மூன்று மணிக்குக் கொஞ்சம் குறைவு. மாலையில் போட்டால் காலையில் எடுத்துவிடலாம். எம் 290-இல் காசு பார்ப்பவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் ஓட்டுகிறார்கள். ஆனால் இதில் மூன்று இடத்தில் சறுக்கும். முதலாவது, அடிப்பாகத்தின் மேல்முகம் கிரைண்டிங் செய்து பிளேடுக்கு இணையாக இருக்க வேண்டும். 0.05 மி.மீ. சாய்ந்தாலே ஒரு பக்கம் முதல் லேயர் இரண்டு மடங்கு தடிமனாகி ஒட்டாமல் போகும். இரண்டாவது, கம்ப்யூட்டரில் உள்ள படமும் பிளேட்டில் உள்ள கட்டையும் ஒன்றின் மேல் ஒன்று உட்கார வேண்டும். குறைந்த பவரில் லேசரால் வெளிக்கோட்டை மட்டும் கீறிப் பார்த்து, தள்ளியிருந்தால் ஆஃப்செட் கொடுத்து மறுபடி கீறிப் பார்ப்பார்கள். 0.1 மி.மீ. படி நிற்கும் என்று எதிர்பார்த்து, சுற்றுமுகத்தில் மெஷினிங் அலவன்ஸ் விட்டுவிடுங்கள். மூன்றாவதை யாரும் சொல்ல மாட்டார்கள்: அடிக்கட்டையில் முன்பே போட்ட தண்ணீர் ஓட்டைகள் பவுடரை விழுங்கும். ஆரம்பிக்கும் முன் அவற்றில் பவுடரை நிரப்பித் தட்டிச் சமமாக்கவில்லை என்றால் ஓட்டைக்கு மேலே அடுத்த பல லேயர் பள்ளமாகவே போகும்.

பவுடர் இருப்பையும் கணக்கில் எடுங்கள். படுக்கை முழுக்க நிரம்பித்தான் ஓடும், பார்ட் ஒன்றானாலும் சரி. 80 மி.மீ. உயரத்துக்கு 250 × 250 பரப்பு என்றால் 5 லிட்டர், இருபது கிலோவுக்கு மேல். ஒவ்வொரு தடவையும் தேவைக்கு மேல் பவுடரைத் தள்ளித்தான் பிளேடு பரப்பும். மிச்சம் எதிர்ப்பக்கத் தொட்டியில் விழும். ஆகவே 2 கிலோ பார்ட்டுக்கு டிஸ்பென்சரில் (பவுடர் கொடுக்கும் தொட்டியில்) 35 கிலோ வரை இருக்க வேண்டும். முழு உயரத்துக்கு ஓட்ட நினைத்தால் நூறு கிலோவைத் தாண்டும். உருகாத பவுடர் வீணாகாது, 63 மைக்ரான் சல்லடையில் சலித்து மறுபடி போடலாம். ஆனால் முதலீடு அங்கே முடங்கிக் கிடக்கும். மெஷின் விலையை மட்டும் பேசி முடித்துவிட்டு, பவுடர் ஆர்டர் போடும்போதுதான் பலருக்கு இது உறைக்கும்.

வழக்கமான டை ஸ்டீலான ஹெச்13-ஐ விட்டுவிட்டு ஏன் மாரேஜிங் ஸ்டீல் என்று டை மேக்கர்கள் கேட்பார்கள். ஹெச்13-இல் கார்பன் 0.4% அளவுக்கு இருக்கிறது. லேசர் உருக்கி நொடியில் உறையும்போது ஸ்டீல் கடினமான மார்ட்டென்சைட் என்ற படிக அமைப்பாகி, உள் இழுவிசை தாங்காமல் வெடிக்கும். பிளேட்டை நன்றாகச் சூடாக்கி வைத்தால்தான் தப்பும். எம் 290-இன் ஹீட்டர் 200 டிகிரி வரைதான் போகும், அது போதாது. மாரேஜிங் ஸ்டீலில் கார்பன் 0.03% கூட இல்லை. நிக்கல் 18%, கோபால்ட் 9%, மாலிப்டினம் 5% என்ற கலவை. உறைந்தவுடன் கிடைக்கும் மார்ட்டென்சைட் மிருதுவானது, ஹார்ட்னெஸ் 33 முதல் 37 ஹெச்ஆர்சி (ராக்வெல் சி அளவு). மெஷினிங்கை அந்த நிலையில் முடித்துவிட்டு 490 டிகிரியில் 6 மணி நேரம் வைத்தால் (இதுதான் ஏஜிங்) 50-ஐத் தாண்டி 54, 55 வரை ஏறும். இழுவலிமை 1,100 மெகாபாஸ்கலில் இருந்து 2,000 பக்கம் போகும். சூட்டோடு முக்கிச் சட்டென்று ஆற்றும் குவென்ச்சிங் கிடையாது, அதனால் கோணல் இல்லை. சுருக்கம் சுமார் 0.08%. 100 மி.மீ.-க்கு 0.08 மி.மீ. ஃபிட்டிங் முகங்களை ஏஜிங்குக்கு முன்னால் முடிப்பதானால் இதைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இந்த மெட்டீரியலின் பலவீனம் வெப்பக் கடத்தல். ஏஜிங் ஆன எம்எஸ்1 மீட்டர் கெல்வினுக்கு 20 வாட் கடத்தும். சாதாரண மோல்டு ஸ்டீலான பி20 சுமார் 30. அதாவது நேர்க்கோட்டு டிரில் லைனையே இதிலும் போட்டால் பழைய மோல்டை விட மோசமாகத்தான் குளிரும். கேவிட்டியின் (பிளாஸ்டிக் நிரம்பும் குழி) வடிவத்தையே ஒட்டி லைன் போனால்தான் லாபம். இதைப் புரிந்துகொள்ளாமல் "3டி பிரிண்ட் செய்தால் சைக்கிள் டைம் குறையும்" என்று வாடிக்கையாளரிடம் வாக்குக் கொடுப்பவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும்.

படுக்கைவாட்டில் போகும் வட்டச் சேனல், அதாவது கூலிங் லைனின் ஓட்டை, 8 மி.மீ. விட்டம் வரை சப்போர்ட் இல்லாமல் நிற்கும். அதற்கு மேலே போனால் கூரை தொங்கி உள்ளே மணி மணியாக உலோகம் வடியும். பெரிய சேனல் வேண்டுமென்றால் மேல்பக்கம் கூராக இருக்கும் கண்ணீர்த்துளி வடிவம் போடுங்கள். 45 டிகிரிக்கும் கீழே சாயும் முகங்களுக்கும் இதே விதிதான்: கீழே சப்போர்ட் இல்லாத உலோகம் வெறும் பவுடர் மேல் உருகுகிறது, பவுடர் வெப்பத்தைக் கடத்தாது, ஓரம் மேல்நோக்கிச் சுருண்டு கொள்ளும். சுருண்ட ஓரம் 40 மைக்ரான் எழுந்தால் அடுத்த தடவை வரும் பிளேடு அதில்தான் மோதும்.

பிளேடைப் பற்றி. ஸ்டீல் வேலைக்கு ஹெச்எஸ்எஸ் (ஹை ஸ்பீடு ஸ்டீல்) பிளேடு அல்லது செராமிக் பிளேடு. இரண்டுமே விட்டுக்கொடுக்காது. எழுந்த ஓரத்தில் மோதினால் பார்ட் பெயரும், அல்லது மெஷின் நின்றுவிடும். மெல்லிய சுவர்கள் நிறைந்த பார்ட் என்றால் கார்பன் ஃபைபர் பிரஷ் போடலாம். வளைந்து கொடுக்கும், ஆனால் சுருண்ட ஓரத்தை மறைத்துக்கொண்டே மேலே போவதால் அளவு தப்பும். கட்டிப் பிளேடு மோதி நிற்பது ஒருவகையில் நேர்மையானது. மோதல் தவிர்க்க, நீளமான விளிம்பு பிளேடுக்கு இணையாக இருக்காதபடி பார்ட்டை 5 முதல் 15 டிகிரி திருப்பி வையுங்கள். விளிம்பு முழுவதும் ஒரே நேரத்தில் பிளேடில் படாமல், ஒரு முனையில் தொடங்கி வழுக்கிக்கொண்டு போகும்.

ஜாப் தொடங்கும் முன் செய்ய வேண்டியதில் லென்ஸ் கண்ணாடியைத் துடைப்பதுதான் அதிகம் தட்டிக் கழிக்கப்படும் வேலை. பஞ்சு உதிராத துணியில் ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்டு ஒரே திசையில் ஒரு இழுப்பு, அடுத்த இழுப்புக்குப் புதுத் துணி. கண்ணாடியில் புகை படிந்திருந்தால் அது லேசரை உறிஞ்சிச் சூடாகும், குவியம் இடம் மாறும். ஜாப் தொடங்கி இரண்டு மணி வரை எல்லாம் நன்றாக இருக்கும். அதற்குப் பிறகு அடித்த உயரத்தில் மட்டும் உருகாத இடுக்குகள் இருக்கும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. அடுத்தது முதல் லேயர்: பவுடர் படலத்துக்கு அடியில் பிளேட்டின் கிரைண்டிங் கோடுகள் மங்கலாகத் தெரிய வேண்டும். ஒன்றுமே தெரியவில்லை என்றால் தடிமன் அதிகம். பார்ட் பிளேட்டில் ஒட்டாது. ஒரு மூலையில் தெரிந்து இன்னொரு மூலையில் தெரியவில்லை என்றால் லெவலிங்குக்குத் திரும்பிப் போங்கள்.

மாரேஜிங் வேலை நைட்ரஜனில் நடக்கும். மெஷினுக்குள்ளேயே நைட்ரஜன் ஜெனரேட்டர் இருப்பது எம் 290-இன் பெரிய வசதி, சிலிண்டர் மாற்றும் தொல்லை இல்லை. அதற்கு 7 பார் அழுத்தத்தில் மணிக்கு 20 கன மீட்டர் காற்று தேவை. ஷாப்பின் பழைய கம்ப்ரசர் லைனில் நேராக மாட்டிவிடாதீர்கள். எண்ணெயும் ஈரமும் ஜெனரேட்டரின் மெம்பிரேனைக் கெடுக்கும். ஆக்சிஜன் அளவு மெல்ல ஏறும், பார்ட் மங்கிப் பழுப்பேறும், ஏன் என்று தெரியாமல் பவுடரைக் குறை சொல்லிக்கொண்டிருப்போம். நல்ல டிரையர், எண்ணெய் ஃபில்டர் இரண்டும் மெஷினோடு சேர்ந்த செலவு. கடலோர ஊர் என்றால் அறைக்கு ஈரம் உறிஞ்சும் கருவியும் வேண்டும். ஈரம் ஏறிய பவுடர் கட்டி தட்டி, பிளேடு போகும் வழியெல்லாம் கோடு கிழிக்கும்.

உள்ளே ஓடும் வாயு ஆக்சிஜனை விலக்க மட்டும் அல்ல, புகையையும் தெறிக்கும் துளிகளையும் அள்ளிக்கொண்டு போகத்தான். துளிகள் இன்னும் அடிக்காத பவுடர் மேல் விழுந்தால் அடுத்த லேயரில் அந்த இடம் சரியாக உருகாது. ஆகவே வாயு போய்ச் சேரும் பக்கத்தில் உள்ள பார்ட்டை முதலில் அடித்து, வாயு வரும் பக்கம் நோக்கி நகரும்படி வரிசை வையுங்கள். ஃபில்டர் நிரம்பினால் ஓட்டம் குறையும். நீண்ட ஜாப்புக்கு முன்னால் ஃபில்டரின் ஆயுளைப் பாருங்கள். நடுவில் நிறுத்தி மாற்றினால் பார்ட் ஆறி, சுருங்கி, அந்த உயரத்தில் நகத்தில் தட்டுப்படும் ஒரு கோடு விழும். கரண்ட் போனாலும் அதே கதை. யுபிஎஸ் இல்லாமல் இந்த மெஷினை வைப்பது வீண்.

ஃபில்டரில் படியும் கரி மாதிரியான தூள் பவுடரை விட நுண்ணியது, காற்றுப் பட்டால் பற்றும். ஸ்டீல்தானே என்று அசட்டையாக உலர்ந்த ஃபில்டரைப் பிரிக்கக் கூடாது. தீயணைக்க உலோகத்துக்கான டி வகை அணைப்பான்தான். தண்ணீரோ கார்பன் டை ஆக்சைடோ உதவாது. பவுடரில் நிக்கலும் கோபால்ட்டும் இருப்பதால் பி3 மாஸ்க், கையுறை கட்டாயம். தரையைச் சாதாரண வேக்குவம் வைத்து உறிஞ்சக் கூடாது, தண்ணீர் வழியாக இழுக்கும் வகைதான் வேண்டும்.

மாரேஜிங் தவிர 316எல், 17-4பிஹெச், சிஎக்ஸ் ஆகிய துருப்பிடிக்காத ஸ்டீல் பவுடர்களும் இதில் ஓடும். 316எல் 20 மைக்ரான் லேயரில் 195 வாட், நொடிக்கு 1,083 மி.மீ., 0.09 இடைவெளி. மணிக்கு 7 சிசிதான் வரும், மாரேஜிங்கில் பாதி. முகம் நன்றாக இருக்கும், வெடிப்புத் தொல்லை இல்லை, ஆனால் இந்த வேகத்தில் எதை விற்று லாபம் பார்ப்பது? மோல்டுக்காரர்களுக்கு உண்மையில் சுவாரசியமானது சிஎக்ஸ். சுமார் 12% குரோமியம் இருப்பதால் துருப்பிடிக்காது, ஹீட் ட்ரீட்மென்ட்டில் 50 ஹெச்ஆர்சி வரும். எம்எஸ்1 துருப்பிடிக்கும் ஸ்டீல் என்பதை மறந்துவிடாதீர்கள். 4 மி.மீ. சேனலில் துரு படிந்தால் ஓட்டம் பாதியாகும், திறந்து சுத்தம் செய்ய வழியே இல்லை. போர்வெல் தண்ணீரை நேராக விடும் ஷாப் என்றால் சிஎக்ஸ்-இல் அடிப்பது அல்லது தண்ணீரைச் சுத்திகரித்து, துருத் தடுப்பு மருந்து கலந்து மூடிய சுற்றில் ஓட்டுவது, இரண்டில் ஒன்று.

எடுத்த பிறகு செய்யும் வேலையில் அவசரப்படுபவர்கள் சேனலில் அடிபடுவார்கள். முதலில் பவுடரைக் காலி செய்ய வேண்டும். பிளேட்டிலிருந்து பார்ட்டை மின்கம்பியால் அறுத்தெடுக்கும் வயர் கட் அப்புறம்தான். பவுடர் உள்ளே இருக்கும்போதே வயர் கட்டில் போட்டால் தண்ணீர் ஏறி, காய்ந்து, சிமெண்ட் மாதிரி இறுகிவிடும். சேனலின் இரு வாயும் அடிமுகத்தில் இருந்தால் பிளேட்டோடு ஒட்டி மூடிக்கொண்டிருக்கும். பவுடர் வெளியே வர வழி இருக்காது. டிசைனிலேயே ஒரு பக்கச்சுவரில் வெளியேறும் ஓட்டை விட்டு, கடைசியில் பிளக் போடுவதுதான் முறை. பிளேட்டைக் கவிழ்த்து ரப்பர் சுத்தியலால் தட்டி, காற்று அடித்து, மறுபடி தட்ட வேண்டும். 4 மி.மீ. சேனலுக்கு 3 மி.மீ. ஸ்டீல் பால் ஒன்றை உருட்டிவிட்டு மறுவாயில் விழுகிறதா பாருங்கள். அதன் பிறகு ஏஜிங், வயர் கட், 10 பார் தண்ணீர் அழுத்தத்தில் கசிவுச் சோதனை. ஓ-ரிங் உட்காரும் முகம் எதையும் அடித்தபடியே விடக் கூடாது, 0.3 முதல் 0.5 மி.மீ. வைத்து மெஷினிங் செய்யுங்கள். சிறிய பார்ட்டில் 40 முதல் 60 மைக்ரான் அளவுப் பிசகு இயல்பு.

கண்காணிப்புக்கு மேலிருந்து ஒவ்வொரு லேயரின் வெப்ப ஒளியையும் படமெடுக்கும் எக்ஸ்போஷர் ஓடி என்ற கேமரா உண்டு, தனி விலை. விமானப் பார்ட் செய்பவருக்கு அவசியம். மோல்டுக்காரருக்குப் பவுடர் பெட் கேமரா போதும். பிளேடு கோடு கிழிப்பதும் ஓரம் எழுவதும் அதிலேயே தெரியும். நான்கு லேசர் வேண்டுமென்றால் இதே கம்பெனியின் எம் 300-4, எம் 400-4 இருக்கின்றன. விலையும் பவுடர் இருப்பும் அதற்கேற்ப ஏறும்.

வாங்கும் முன் டெமோவில் அவர்கள் கொடுக்கும் பளபளப்பான மாதிரியை ஓரம் வைத்துவிட்டு உங்கள் இன்செர்ட்டையே அடித்துக் காட்டச் சொல்லுங்கள். கூடவே 10 மி.மீ. கனசதுரக் கூப்பன் (சோதனைத் துண்டு) ஐந்து: நான்கு மூலைக்கு ஒன்று, நடுவில் ஒன்று. நடுவில் லேசர் செங்குத்தாக விழும், மூலைகளில் சாய்வாக. ஐந்தையும் வெட்டிப் பாலிஷ் செய்து மைக்ரோஸ்கோப்பில் பாருங்கள். வாயு போய்ச் சேரும் பக்கத்து இரண்டு மூலைகளை முதலில் எடுங்கள். குறை இருந்தால் அங்கேதான் இருக்கும். இன்செர்ட்டைச் சேனலின் நடுவாக வயர் கட்டில் பிளந்து தரச் சொல்லுங்கள், கூரையில் வடிந்த மணிகள் எத்தனை என்று எண்ணிப் பார்க்கலாம்.